எழுத்து அறியும் முன்பே நூலகத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 குழந்தைகள் நாள்; தேசிய நூலக வார விழாவும் அன்றுதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் அந்த வாரத்தில் கிளை நூலகங்களில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி என்று ஏதேனும் நடக்கிறது. பரிசு பெறும் மாணவர்களின் படமும் நாளிதழ்களில் வருகிறது. அந்தப் படங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையை நான் அநேகமாகக் கண்டதில்லை. கண்டாலும், அக்காவுக்கோ அண்ணனுக்கோ துணையாக வந்து ஓரத்தில் நிற்கும் குழந்தையாகவே அது இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த பிறகுதான் நூலகத்துக்கு வர வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில், அதிலும் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பில் பணியாற்றியவள் என்ற முறையில், இந்த எண்ணம் தலைகீழானது என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை வாய் ஓயாமல் தமிழ் பேசிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அது பேசும் தமிழ் வேறு, பாடநூலில் அச்சாகியிருக்கும் தமிழ் வேறு. வீட்டில் 'வந்துச்சு' என்று கேட்ட காதுக்குப் புத்தகத்தில் 'வந்தது' என்பது புதிது. 'இருக்காங்க' என்று நாள் முழுதும் சொல்லும் பிள்ளை, 'இருக்கிறார்கள்' என்பதை இ, ரு, க், கி என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வியர்த்து விறுவிறுத்துக் கடைசி எழுத்தை எட்டிய பிறகும், தான் படித்தது தனக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான் என்பதை உணராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு எழுத்துகள் எல்லாம் தெரிந்திருந்தன. அச்சுத் தமிழின் ஓசைதான் அதன் காதில் அதுவரை விழவில்லை.

நம் எழுத்துமுறையும் காதின் துணையை எதிர்பார்ப்பதுதான். 'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே ககரம். ஒலியோ மூன்று விதம். பெரியவர்களாகிய நமக்கு இது உறைப்பதே இல்லை. 'கொ' என்ற எழுத்தில் குறி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று நிற்கும்; ஒலி மட்டும் ஒன்று. இவற்றைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுக்கலாம், சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் முன்பே பலமுறை கேட்டுப் பழகிய சொல்லைக் கண்ணால் கண்டறிவது எளிது. கேட்டறியாத சொல்லை எழுத்துக்கூட்டி உருவாக்குவது கடினம். ஆகவே எழுத்தைக் கையில் எடுப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, யாராவது ஒருவர் படப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, வரியின் கீழ் விரலை ஓட்டி, குழந்தைக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

பாட்டி சொல்லும் கதை போதாதா என்று கேட்கலாம். அதற்கு ஈடு எதுவுமில்லை. நானும் இப்போது ஒரு பாட்டிதான். ஆனால் பாட்டியின் கதை பேச்சுத் தமிழில் வரும், ஒவ்வொரு நாளும் சற்று மாறியும் வரும். அச்சிட்ட கதை மாறாது. நான்கு வயதுப் பேத்திக்கு ஒரே புத்தகத்தைப் பத்தாவது முறையாகப் படித்துக்காட்டும்போது, அலுப்பில் ஒரு வரியை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் அவள் என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இந்தப் பக்கத்தில் இன்ன சொற்கள் இருக்கின்றன, அவை நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

இத்தகைய புத்தகங்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன? வண்ணப் படப் புத்தகம் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பல வீடுகளில் ஒரு வேளைக் காய்கறி வாங்கிவிடலாம். பிள்ளையோ ஒரு வாரத்தில் அடுத்த புத்தகத்தைக் கேட்கும். இதைப் பொது நூலகத்தால்தான் ஈடுகட்ட முடியும். நாம் செலுத்தும் வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று தனியாக வசூலிக்கப்படுகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் பெற்றோரும் இதைச் செலுத்துகிறார்கள்.

சென்னையில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே அழகான பகுதிகள் இருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் மன்னார்குடி வட்டத்துக் குழந்தைக்கு நூலகம் என்பது பேருந்து ஏறாமல் போகக்கூடிய கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோதான். நான் போகும் நூலகத்தில் 'சிறுவர் பகுதி' என்று எழுதிய ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அதன் கீழ்த்தட்டே என் பேத்திக்கு எட்டுவதில்லை. உள்ளே இருப்பவை பெரும்பாலும் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கான தலைவர்கள் வரலாறும் அறிவியல் துணுக்குகளும். ஒருநாள் தேடிப்பிடித்த ஒரே படப் புத்தகம் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானது. பழைய வடிவத்து லைகாரமும் ணாகாரமும் கொண்ட அதை நான் ஆசையோடு படித்தேன் என்றாலும், இன்றைய பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது.

புத்தகங்களுக்குப் பஞ்சம் என்று சொல்வதற்கும் இன்று இடமில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் பல ஆண்டுகளாகக் குறைந்த விலையில் தமிழ்ப் படக்கதைகளை வெளியிட்டுவருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் எவரும் அச்சிட்டுக்கொள்ளும் திறந்த உரிமத்துடன் கிடைக்கின்றன.

உண்மையான தடை வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு நூலகர் எனக்குப் புரியவைத்தார். குழந்தை கையில் புத்தகம் கிழியும். இருப்புச் சரிபார்ப்பின்போது பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். அதனால் நல்ல படப் புத்தகம் வந்தாலும் அது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கான நூல்களைத் தேய்மானப் பொருளாகக் கருதி, கிழிந்தவற்றை ஆண்டுதோறும் கேள்வியின்றிக் கழித்துவிட மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்குப் பொது நூலகத் துறை ஒரு தெளிவான ஆணை அனுப்பினாலே, பாதிக் கதவுகள் திறந்துவிடும்.

அடுத்தது அங்கன்வாடி. தமிழகத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் நூலகமும் மையமும் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே சுவரை ஒட்டியே இருக்கின்றன. ஆயினும் இரண்டும் வெவ்வேறு துறைகள் என்பதால் ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை இருபது புத்தகங்களை மையத்துக்கு மொத்தமாக இரவல் கொடுப்பதற்கும், வாரம் ஒருநாள் காலையில் பிள்ளைகளை நூலகத்துக்கு நடத்திக் கூட்டிவருவதற்கும் பெரிய திட்டம் ஏதும் தேவையில்லை. இதற்கென்று அங்கன்வாடிப் பணியாளர் தலையில் புதிய பதிவேடு ஒன்றை மட்டும் ஏற்றிவிடக் கூடாது. தனி ஆளாக நூலகத்தைத் திறந்து, கூட்டி, பூட்டும் ஊர்ப்புற நூலகரையே கதைசொல்லியாகவும் ஆக்கிவிட வேண்டாம். அதற்கு வாசகர் வட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் மாநிலத்தில்தான் பிறந்தது. அதற்கு உழைத்த சீர்காழிக்காரரான எஸ்.ஆர். அரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதை 1931-லேயே நூலக விதிகளுள் ஒன்றாக எழுதினார். அதே 1931-ல் எங்கள் பக்கத்து மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். வாசகர் வரமுடியாத இடத்துக்கு வண்டியே போனது. இப்போது நான் கேட்பது நூலகத்தின் வாசல் வரை வந்துவிட்ட குழந்தைக்கு உள்ளே ஒரு பாயும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டும்.

எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஞாயிறுதோறும் காலை ஒரு மணி நேரம் சிறு குழந்தைகளுக்குப் படித்துக்காட்ட நானும் என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம் என்று எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறோம். பாயை நாங்களே கொண்டுவருவோம் என்றும் எழுதியிருக்கிறோம். நூலக வார விழாவுக்குள் அனுமதி கிடைத்தால் நவம்பர் 14 அன்றே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.