காலி நாற்காலி

மதுரை,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

கடையை மூடி எட்டு மாதம் ஆகிறது, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மாடியில் நடக்கிறேன் என்று போன வாரம் போனில் சொன்னாய். கவுன்சிலிங் போய்ப் பாரேன் என்றதும் "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டாய். இரண்டு வருஷம் முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துவிடும்.

அப்பா இறந்தது உனக்குத் தெரியும், முந்தின நாள் நடந்தது தெரியாது. சுகர் மாத்திரையைப் போடாமல் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். பார்த்ததும் கண்டபடி கத்திவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடியும்போது உயிர் இல்லை. அன்றிலிருந்து எனக்கு நெஞ்சை அழுத்தும், தூக்கம் வராது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். எங்கள் டாக்டர்தான் உளவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்த மேடம் முதல் மூன்று வாரம் அப்பாவைப் பற்றித் தோண்டவே இல்லை. மூச்சை மெதுவாக நீட்டி விடுவது, ஒரே நேரத்துக்கு எழுவது, சாயங்காலம் நடப்பது, அவ்வளவுதான். "முதலில் தூங்குங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார். தூக்கம் கொஞ்சம் வந்ததும் ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். "அப்பாவை நான்தான் கொன்றேன்" என்று மேலே எழுதி, இடப்பக்கம் அதற்கு ஆதாரம், வலப்பக்கம் எதிரான ஆதாரம். இடப்பக்கம் ஒரு வரிதான் வந்தது. வலப்பக்கம் பதினோரு வரி. 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்த வழியாம் அது. புத்திக்கு எல்லாம் புரிந்தது, நெஞ்சு மட்டும் கேட்கவில்லை. அதைச் சொன்னபோது அவர் வற்புறுத்தாமல் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் எனக்கு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "அப்பா உட்கார்ந்திருக்கிறார், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்துத்தான் வாய் வந்தது, வந்தபின் நிற்கவில்லை. அப்புறம் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, அப்பாவாகப் பதில் சொல்லச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது, "மோட்டாரை நிறுத்துடா, டேங்க் நிரம்பி வழியுது." தினமும் காலையில் கேட்ட குரல், மாப்ளே. அந்த மனுஷர் என் மேல் கோபத்தைச் சுமந்துகொண்டு போகவில்லை என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. ஓவென்று அழுதேன்.

நாற்காலி முறை ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற மனநல மருத்துவரின் வழி என்றும், எல்லாம் சேர்ந்ததற்கு ஒருங்கிணைந்த உளசிகிச்சை என்று பெயர் என்றும் பிறகு சொன்னார். கண்டதையும் கலக்கிற கதம்பம் இல்லை இது. இந்த ஆளுக்கு இப்போது எது தேவை என்று பார்த்து எடுப்பது. வெவ்வேறு சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று 1936லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதியிருக்கிறார். இந்த ஒருங்கிணைப்புக்கென்றே 1983ல் ஒரு சங்கமும் உருவானது. அந்தப் பொதுவான விஷயத்தில் பெரும்பங்கு, கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் நடுவே உண்டாகிற நம்பிக்கை என்றுதான் நான் நினைக்கிறேன். "இது எனக்குச் சரிப்படவில்லை" என்று அவரிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்ததே, அதுதான் என்னைக் காப்பாற்றியது. நடுவில் மனநல மருத்துவரிடமும் அனுப்பினார், நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

உன் கதை வேறு. உங்கப்பா பேர் போட்ட போர்டைக் கழற்றிய கை உன்னுடையது. உனக்கு நாற்காலி தேவைப்படாமல் போகலாம், பகலில் செய்ய ஒரு வேலைதான் முதலில் தேவைப்படலாம். அதை உன்கூட உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். போர்டு மாட்டிய எல்லோரிடமும் போய்விடாதே. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்தவரா, ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேள். செலவுக்கு யோசித்தால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

போனை வைக்கும்போது "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்றாயே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? நேராகவே கேட்கிறேன், நேராகச் சொல். ராத்திரி எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416க்குப் போடு, அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசுவார்கள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ உள்ளே போய்ப் பேசு, நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். தங்கச்சியிடம் எனக்கும் சேர்த்து இட்லி ஊற்றச் சொல்.

உன்
மாப்ளே