கிளிக்கர் வாங்கும் முன் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

வருகிற ஜூன் முதல் கிளிக்கர் செட்டுக்கு, அதாவது மாணவர்கள் பொத்தானை அமுக்கிப் பதில் சொல்லும் கையடக்கக் கருவிகளுக்கு, உடனே பில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் இரண்டு வாரம் உங்கள் வகுப்பிலோ நூலகத்திலோ வைத்துப் பயன்படுத்திப் பாருங்கள். ஒத்துவந்தால் வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாடகை கிடையாது, பேட்டரிச் செலவு மட்டும் உங்களுடையது. ஏன் இப்படி என்று பலர் போனில் கேட்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

காரணம் ஒரு பீரோ. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கு நாற்பது கிளிக்கர் கொண்ட செட் கொடுத்தோம். இந்த ஜனவரியில் அங்கே புரொஜெக்டர் சரிபார்க்கப் போனபோது, பீரோவுக்குள் அது அட்டைப்பெட்டியோடு இருந்தது. ஒன்றைத் திறந்து பார்த்தால் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது. "வருகைப் பதிவுக்கு வச்சுக்கிட்டோம் சார். ஒரு பையனே நாலு பேருக்கு அமுக்க ஆரம்பிச்சுட்டான். விட்டுட்டோம்" என்றார் அங்கிருந்த ஆசிரியர். அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. விற்கும்போது நாங்கள் பொத்தானைக் காட்டினோம், எப்படிப்பட்ட கேள்வி கேட்பது என்று காட்டவில்லை. அது எங்கள் தவறு.

கிளிக்கர் என்பது எளிய பொருள்தான். டிவியில் கோடீஸ்வரன் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும்: போட்டியாளர் திணறும்போது பார்வையாளர்கள் கையில் இருக்கும் கருவியை அமுக்குவார்கள், திரையில் நான்கு பட்டைகள் எழும்பும். அதேதான் இது. மாணவர் 'ஆ' பொத்தானை அமுக்கினால், அந்தக் கிளிக்கரின் எண்ணும் அவர் தேர்ந்த எழுத்தும் ரேடியோ அலையில் ரிசீவருக்குப் போகும். ரிசீவர் பென்டிரைவ் அளவில் உங்கள் லேப்டாப்பில் செருகியிருக்கும். பதில் போய்ச் சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும், எரியாவிட்டால் மறுபடி அமுக்க வேண்டும். மனம் மாறினால் மாற்றி அமுக்கலாம், கடைசியாக அமுக்கியதுதான் கணக்கு. இன்டர்நெட் தேவையில்லை. கரண்ட் போனாலும் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை பதில்கள் வந்துகொண்டிருக்கும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டால் போதும்.

அமுக்கிய பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990 வாக்கில் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். சூத்திரம் எதுவும் வேண்டாத, அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்த கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டார். பெரிய பெரிய கணக்குகளைப் போடத் தெரிந்தவர்கள் இதில் தடுமாறியதைப் பார்த்து, 1991 முதல் அவர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றினார். ஒரு கேள்வி. ஆளுக்கு ஆள் தனியாக யோசித்து ஒரு பதில். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. மறுபடி ஒரு பதில். அதன் பிறகுதான் விளக்கம்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: எதிரெதிரே வந்த லாரியும் பைக்கும் மோதிக்கொள்கின்றன. லாரி பைக் மீது செலுத்தும் விசை பெரிதா, பைக் லாரி மீது செலுத்துவது பெரிதா, இரண்டும் சமமா? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகூட லாரி என்றுதான் அமுக்கும். பைக் நொறுங்குவது கண்ணுக்குத் தெரிகிறதே. விசை சமம், ஆனால் பைக்கின் நிறை குறைவு, அதனால் அதன் வேகம் சட்டென்று மாறிவிடுகிறது என்பதை நீங்கள் சொல்லலாம். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சொல்லும்போது அது வேறு மாதிரி ஏறுகிறது. 2009-இல் 'சயின்ஸ்' இதழில் கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பை வைத்து ஒரு ஆய்வு வந்தது. குழுவில் யாருக்குமே முதலில் சரியான பதில் தெரியாதபோதும், பேசிய பிறகு பலர் தேறியிருந்தார்கள். ஆக, கெட்டிக்காரனைப் பார்த்து எழுதுவது மட்டும் அங்கே நடக்கவில்லை.

எத்தனை பேர் சரியாகச் சொன்னால் பேச விடலாம் என்பதற்கு மசூர் வழக்கத்தில் ஒரு அளவு உண்டு. 30 முதல் 70 சதவீதம் வரை சரி என்றால் பேச விடுங்கள். அதற்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப விளக்க வேண்டும், மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எங்கள் அனுபவத்தில் ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். முதல் ஓட்டு முடிந்ததும் பட்டைப் படத்தைத் திரையில் காட்டாதீர்கள். உயரமான பட்டை எதுவோ அதுதான் சரி என்று பிள்ளைகள் அதன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. மார்க்கும் போடாதீர்கள். மார்க் என்றதும் நன்றாகப் படிக்கும் ஒருவர் சொல்வதை மற்ற மூவரும் அமுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நூலகத்துக்கு இது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கல்லூரியில் நாங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முதலாமாண்டு மாணவர்களுக்கு நூலகம் பற்றிச் சொல்லித்தரும் வகுப்பு. நூலகர் அம்மா திரையில் புத்தகங்களை அடுக்கப் பயன்படும் இரண்டு எண்கள் போட்டார்: 530.4, 530.12. அலமாரியில் எது முதலில் இருக்கும்? முக்கால்வாசிப் பேர் 530.4 என்று அமுக்கினார்கள். பன்னிரண்டைவிட நாலு சின்னதுதானே. அவர் பதில் சொல்லவில்லை, பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். பின் வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது: "நாலு இல்லடி, நாப்பது பைசா. இது பன்னெண்டு பைசா." இரண்டாம் ஓட்டில் கிட்டத்தட்ட எல்லாரும் 530.12-க்கு வந்துவிட்டார்கள். அப்புறம் அலமாரிக்கே அழைத்துப் போய்க் காட்டினார். 530.12-இல் குவாண்டம் இயக்கவியல், அதைத் தாண்டி 530.4-இல் பருப்பொருளின் நிலைகள். புத்தகங்களுக்கு இப்படி எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையை ஒரு மணி நேரம் விளக்கினாலும் இந்தப் பைசாக் கணக்குக்கு ஈடாகாது.

நூலகத்தில் இன்னொரு லாபம், யார் எதை அமுக்கினார்கள் என்று தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, சொற்களை மட்டும் மாற்றிப் போட்டால் ஆதாரம் காட்ட வேண்டுமா? கை தூக்கச் சொன்னால் ஒருவரும் தூக்க மாட்டார்கள். பெயர் வராது என்றால் வேண்டாம் என்று தைரியமாக அமுக்குவார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்த மறைவு பெரிய உதவி.

இனி, வாங்கவே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம். மசூர் தொடங்கியபோது கையில் தூக்கிக் காட்டும் அட்டைகளும் பயன்பட்டன. 2008-இல் கனடாவைச் சேர்ந்த நத்தானியல் லாஸ்ரி, கிளிக்கர் வைத்த வகுப்பையும் அட்டை வைத்த வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்கள் கற்றுக்கொண்டதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கிளிக்கரில் கூடுதலாகக் கிடைப்பது எண்ணிக்கை உடனே வருவதும், பதிவு இருப்பதும், மறைவும்தான். முப்பது பேர் உள்ள வகுப்புக்கு நான்கு நிற அட்டை வெட்டிக் கொடுங்கள், போதும். பிளிக்கர்ஸ் என்றொரு செயலியும் இருக்கிறது. பிள்ளைகள் அச்சடித்த அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், ஆசிரியர் தன் போன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தால் பதில்கள் பதிவாகிவிடும். ஒரே ஒரு போன்தான் தேவை. நூற்றுக்கு மேல் மாணவர்கள் உட்காரும் ஹால், பெயர் தெரியக் கூடாத கேள்விகள் என்றால் எங்களிடம் வாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் பழைய செட் வரவழைக்கலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். கவனம் தேவை. அமெரிக்காவில் பரவலாக இருந்த சில கிளிக்கர்கள் 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் வேலை செய்பவை. அங்கே 902 முதல் 928 வரை உரிமம் வேண்டாத அலைவரிசை. இங்கே அப்படி இல்லை, அதில் ஒரு பகுதியை மொபைல் கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. நாங்கள் கொடுப்பது எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபை ஓடுகிற அதே அலைவரிசை.

செட் கைக்கு வந்ததும் சில வேலைகள். பக்கத்து வகுப்பிலும் ஒரு செட் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு சேனல் வையுங்கள். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவு அமுக்கியது எல்லாம் 'பி' பிரிவு லேப்டாப்பில் வந்து விழுந்து, அரை மணி நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கிளிக்கரின் முதுகில் வரிசை எண் ஒட்டுங்கள். சுவரில் தொங்கும் பை ஒன்று தருகிறோம், அதில் அதே எண்ணுள்ள அறையில் போட்டுவிட்டால் எது காணோம் என்று ஒரு பார்வையில் தெரியும். ஏப்ரல் கடைசியில் பேட்டரிகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். பச்சை பூப்பது பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான்.

இரண்டு வார செட் எங்களிடம் இப்போது மூன்று இருக்கிறது. கேட்கிற வரிசையில் அனுப்புகிறோம். கேட்கும்போது, முதல் நாள் வகுப்பில் நீங்கள் வைக்கப்போகும் மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள். கேள்வி தயாராக இருக்கிறவர்களுக்கு முதலில் கொடுப்போம். எழுத வரவில்லை என்றால் பாடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் உட்கார்ந்து உங்களோடு சேர்த்து எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் இருப்பார்கள்.

பீரோவில் பழைய செட் வைத்திருப்பவர்களும் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து ஓட வைத்துத் தருகிறோம், எங்களிடம் வாங்கியதென்றால் கூலி இல்லை.

அன்புடன்,
உங்கள் கடையினர்