எடுச்சேன் என்று யாரும் சொல்வதில்லை

அன்பு மகளுக்கு,

நலம். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மொழியியல் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் ஒலியன், மாற்றொலி, உருபன் என்னும் கலைச்சொற்களுக்கு நடுவே திகைத்து நிற்பதாக எழுதியிருக்கிறாய். அவற்றைச் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, உன் நாக்கையும் காதையும் கவனிக்கத் தொடங்கு.

தமிழில் பகரத்துக்கு ஒரே எழுத்துத்தானா என்று உன் விடுதித் தோழி கேட்டாள் அல்லவா? 'பாம்பு' என்று மெதுவாகச் சொல்லிப் பார். இரண்டு பகரமும் ஒரே ஒலியல்ல. மகர மெய்யை அடுத்து வரும் இரண்டாவது பகரம் தொண்டை அதிர்வோடு பிறக்கிறது. இந்தி பேசும் அவளுக்கு இவை இரண்டு வேறு ஒலிகள், ஏனென்றால் அவள் மொழியில் 'பல்' என்பதை அதிராமல் சொன்னால் கணம், அதிர்த்துச் சொன்னால் வலிமை. நம் தமிழ்ச் சொற்களிலோ எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால், அந்த வேறுபாட்டைக் கொண்டு பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காதுக்கு அது ஒன்றே. அந்த ஒன்றுதான் ஒலியன்; அதன் இரு வடிவங்களும் மாற்றொலிகள். மாறாக, 'கல்', 'கள்' இரண்டையும் அவளிடம் சொல்லிக் காட்டு. நமக்குப் பட்டப்பகல்போல் தெரியும் வேறுபாட்டைப் பிடிக்க அவள் திணறக்கூடும்.

நீ ஐந்தாம் வகுப்பில் 'படிச்சேன்' என்று எழுதியபோது, நான் சிவப்பு மையால் அடித்து, அது சிதைந்த பேச்சு என்று சொன்னேன். எழுத்துக்கு உரிய வழக்கைக் கற்பித்தது சரிதான். சிதைவு என்றது தவறு. படித்தேன் படிச்சேன் ஆகிறது, சிரித்தேன் சிரிச்சேன் ஆகிறது, நினைத்தேன் நினைச்சேன் ஆகிறது. ஆனால் எடுத்தேன், கொடுத்தேன், நடந்தேன் ஆகியவை அப்படியே நிற்கின்றன. எடுச்சேன் என்று யாரும் சொல்வதில்லை. மூன்று வயதில் நீயும் சொன்னதில்லை. இகரமும் ஐகாரமும் ஒலிக்கும்போது நாக்கின் முன்பகுதி அண்ணத்தை நோக்கி எழுகிறது. பின்னால் வரும் தகரம் பல்லருகே போகாமல் அங்கேயே பிறந்து சகரமாகிவிடுகிறது. ஐந்து அஞ்சு ஆவதும், தெரிந்து தெரிஞ்சு ஆவதும் இதே விதியால்தான். எந்த ஒலிக்கு நாக்கு எங்கே பொருந்தும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் விரிவாகச் சொல்கிறது. அதை ஆண்டுக்கணக்காக மனப்பாடம் செய்ய வைத்த நான், ஒரு மாணவியையும் சொல்லிப் பார்க்கச் சொல்லவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் இன்னும் பின்னே போகலாம். நம் செவி கன்னடத்தில் கிவி, சேரி அங்கே கேரி, செம்மைக்கு உறவான சொல் கெம்பு. ஆனால் கண்ணும் காலும் இரு மொழியிலும் ககரத்தோடே தொடங்குகின்றன. இகர எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று. கன்னடம் பழையதைக் காத்துக்கொண்டது. ஒன்றிரண்டு சொற்கள் ஒத்திருப்பது தற்செயலாகவோ கடனாகவோ இருக்கலாம். இப்படி வரிசையாக, ஒரே சூழலில் மாறி நிற்பதே மொழிகள் ஒரு குடும்பம் என்பதற்குச் சான்று. தென்மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனியொரு குடும்பம் என்று சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. அந்த வரலாற்றை உன் ஆசிரியர்களே விரிவாகச் சொல்வார்கள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். கிளி, கெடு, கேள் ஆகியவற்றிலும் ககரத்துக்குப் பின் இகர எகரங்கள்தாம் வருகின்றன. ஆயினும் சிளி என்றோ செடு என்றோ நாம் சொல்வதில்லை. அந்த உயிருக்கு அடுத்து என்ன மெய் வருகிறது என்று பார். அதை ஒலிக்கும்போது நாக்கு எந்தப் பக்கம் வளைகிறது என்றும் பார். கண்டதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா