கையெழுத்து எழுத்துரு பற்றி, ஹட்டனில் அச்சுக்கடை நடத்தும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

கல்யாணப் பத்திரிகையோ, தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸோ, எல்லாமே கையால் எழுதியது போன்ற எழுத்துருவில் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றாய். கேட்பதில் நியாயம் இருக்கிறது. எத்தனை வருடமாகப் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவையே பார்த்துவிட்டோம்! எல்லா வீட்டு விசேஷமும் ஒரே முகத்தோடு வந்தது. கொஞ்சம் சாய்ந்து, கோட்டின் முனை உருண்டு, வரி லேசாக ஏறி இறங்கும் எழுத்தில் "அன்புடன் அழைக்கிறோம்" என்று பார்த்தால், வீட்டுக்காரரே உட்கார்ந்து எழுதிய நெருக்கம் வந்துவிடுகிறது. அந்த நெருக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அது இரண்டு மூன்று வரிக்குத்தான் தாங்கும். மணமக்கள் பெயருக்கும் அழைப்பு வரிக்கும் கொடு. திகதி, முகூர்த்த நேரம், மண்டபம், தொலைபேசி இலக்கம் எல்லாம் நிமிர்ந்த சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். தமிழில் சின்னச் சின்ன இடத்தில்தான் பொருள் மாறுகிறது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, ண-வா ன-வா, புள்ளி உண்டா இல்லையா என்பதெல்லாம் கையெழுத்து வடிவில், அதுவும் சின்ன அளவில், மங்கிவிடும். கொட்டகலை என்ற ஊர்ப்பெயர் கோட்டகலை ஆகிவிடும். போட்டோகொப்பி எடுத்து தோட்டத்து லயன் வீட்டுச் சுவரில் ஒட்டும் நோட்டீஸ் என்றால் மெல்லிய கோடுகள் முதலிலேயே போய்விடும். மரண அறிவித்தலுக்கு மட்டும் யார் கேட்டாலும் இதைக் கொடுக்காதே. போகிற வழியில் நின்று வாசிப்பவருக்குப் பெயரும் நேரமும் உடனே புரிய வேண்டும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது "தலவாக்கலை" என்று அடித்துப் பார். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு க-வும் அச்சு அசலாக ஒரே வளைவில் இருக்கும். கையால் எழுதினால் அப்படி வராது. நல்ல எழுத்துரு சிலவற்றில் ஒரே எழுத்துக்கு மாற்று வடிவங்களும் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பெரிய தலைப்பில் இப்படிப்பட்ட சொற்களைத் தவிர்.

நம் நாட்டு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த கவிவனாரிலிருந்து தொடங்கு. சாய்ந்த கையெழுத்து வடிவம், கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் கடை வேலைக்கும் தயங்காமல் எடுக்கலாம். அது யூனிகோட், அதாவது தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு கொண்ட பொது முறை. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. பாமினியில் அடித்த பழைய கோப்பில் எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாக வந்து நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்.

அப்புறம், ஆங்கிலமும் சேர்த்து அடிக்கும் பத்திரிகைகள். அங்கே கையெழுத்து எழுத்துருக்கள் பலவற்றில் எழுத்தோடு எழுத்து கைகோக்கும். 1953இல் ரோஜர் எக்ஸ்கோஃபோன் வெளியிட்ட மிஸ்ட்ரல் அப்படித்தான். தமிழில் செய்வதுபோல எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டினால் அந்த இணைப்பு அறுந்துவிடும். எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) அடித்தாலும் வாசிக்கவே முடியாது. பெயரின் முதலெழுத்தை மட்டும் பெரிதாக விடு. வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் இரண்டு விதமாகவும் ஒவ்வொரு தாள் அடித்து, கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்