விரதம் என்று சொன்ன பிள்ளை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. காலபோக அறுவடை முடிந்துவிட்டது. கடைசி மழைக்குக் கதிர் சாய்ந்தாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

சரி, லண்டனில் நேர்ஸாக இருக்கிற உன்னிடம் கேட்க ஒரு விசயம் இருக்கிறது. என் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் ஒரு பிள்ளை சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துக் கிட்டத்தட்ட விட்டேவிட்டாள். முதலில் வெள்ளிக்கிழமை விரதம் என்றாள், பிறகு செவ்வாயும் என்றாள். கந்தசஷ்டி முடிந்து எல்லாரும் பாறணை பண்ணினார்கள், இவள் பண்ணவில்லை. விரதம் பிடிக்கிற பிள்ளையை இங்கே யார் கேள்வி கேட்பார்கள்? ஊரே மெச்சியது. மத்தியான வெயிலில் அவள் சுவெற்றரோடு இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. உடம்பு வற்றினால் சூடு தங்காது என்று நீ முன்பு எழுதியிருந்தாயே. மாதவிடாயும் நின்றுவிட்டதாம். தாய் செய்வினை என்று நினைத்துக் கழிப்புக் கழித்திருக்கிறா.

சாமத்திய வீட்டில் வெளிநாட்டுச் சொந்தம் யாரோ "பெட்டை நல்லா உருண்டுட்டாள்" என்று சிரித்ததிலிருந்துதான் இது தொடங்கியது என்கிறா தாய். ஒரு சொல்லே நோயைக் கொண்டுவராது, பிறவியிலேயே வரும் தன்மையும் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நாங்கள் கூசாமல் பேசுகிற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளையின் அம்மம்மாவின் கோபம் வேறு. "2009இல ஒரு கோப்பை கஞ்சிக்குச் செல்லடிக்குள்ள வரிசையில நிண்டனாங்கள். உனக்குச் சோறு கசக்குதோ?" அவவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முள்ளிவாய்க்காலில் வெறும் கஞ்சியில் உயிர் தப்பியவ. ஆனால் அதைக் கேட்ட பிள்ளை இன்னும் ஒளிக்கத் தொடங்கிவிட்டாள். பசி என்றால் வன்னிக்கு இல்லாமை ஒன்றுதான் தெரியும். சோறு முன்னால் இருக்கும்போது உண்ண முடியாமல் போகிற நோயைத் திமிர் என்றுதான் எடுக்கிறோம். வீட்டாரும் வெட்கத்தில் மூடி வைக்கிறார்கள். கசநோயையோ வலிப்பையோ யாராவது இப்படி ஏசுவார்களா?

இன்னொன்று: அவள் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள், தம்பிமாருக்குப் புட்டு அவிக்கிறாள், வாயில் மட்டும் வைப்பதில்லை. வீட்டில் அதை நடிப்பு என்கிறார்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சுகதேகிகளான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒரு கவளத்தை மணிக்கணக்காக அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஆட்களிடமிருந்து ஒதுங்கினார்கள். பட்டினியே மூளையை அப்படி ஆக்கிவிடுகிறது. இதைச் சொன்னபோதுதான் தாய் அழுதா. அதுவரை பிள்ளை தன்னை வெறுக்கிறாள் என்றே நினைத்திருந்தவ.

"இண்டைக்கே வயிறு நிறையத் தீத்திறன்" என்று எழும்பினா. நான்தான் மறித்தேன். வற்றிய உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பரஸ் இறங்கி இதயமே நின்றுபோகலாம், முதலில் டொக்டர் பார்க்கட்டும் என்றேன். ஆஸ்பத்திரியில் இரத்தமும் இதயத் துடிப்பும் பார்த்து, கிளினிக்குக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இடையில் ஏதும் என்றால் எடுக்கச் சொல்லி 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் தாயிடம் எழுதிக் கொடுத்தேன்.

லண்டனில் இந்த நோய்க்குத் தாய் தகப்பனையே பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைக்கும் முறை இருக்கிறதல்லவா? உன் வார்டில் முதல் கிழமை தாய்மாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்? பிள்ளை கோப்பையைத் தள்ளினால் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது? நீ பேசுகிற மாதிரியே எழுது, தாய்க்கு அப்படியே வாசித்துக் காட்டுகிறேன். அம்மம்மாவுக்கும் தனியாக இரண்டு வரி எழுது. லண்டன் நேர்ஸ் சொன்னால் அவ கேட்பா.

அன்புடன்,
சிவமலர்