பத்து நாளில் கொடுக்க வேண்டிய படிவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்து இழப்பீட்டைச் செலுத்தாததால் அரசுப் பேருந்து ஒன்றை நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படத்துடன் பார்த்தேன். தமிழ்நாட்டில் இது புதிய காட்சி அல்ல. தீர்ப்பான பணம் வந்து சேராததுதான் அந்தக் குடும்பத்தின் துன்பம் என்று செய்தியைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் சென்னை அலுவலகத்தில், மூன்றாம் நபர் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பிழைப்புக்கு ஆதாரமாக இருந்தவரை விபத்தில் பறிகொடுத்த குடும்பம், தனக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதியைத் தீர்ப்புக்கு வெகு முன்பே, அதாவது விபத்து நடந்த முதல் சில வாரங்களிலேயே இழந்துவிடுகிறது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இழப்பீடு நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. உண்மையில் அது ஒரு கணக்கு. இறந்தவரின் வயதுக்கேற்ற பெருக்கெண்களையும், அவருடைய சொந்தச் செலவுக்காகக் கழிக்க வேண்டிய பங்கையும் 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. எதிர்காலத்தில் உயர்ந்திருக்கக்கூடிய வருமானத்துக்காக எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு முடிவுசெய்தது. வயது, சார்ந்திருப்போர் எண்ணிக்கை, மாத வருமானம் ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால் தொகையின் பெரும்பகுதியை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். இம்மூன்றில் முதல் இரண்டைப் பற்றித் தகராறு வருவது அரிது. சண்டையெல்லாம் வருமானத்தைப் பற்றித்தான்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். டைல்ஸ் பதிக்கும் வேலை செய்யும் 34 வயதுக்காரர் ஒருவர், மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் ஆகியோரை விட்டுவிட்டு இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மாதம் 25,000 ரூபாய் சம்பாதித்தார் என்று நிரூபித்தால், நிரந்தரச் சம்பளம் இல்லாதவர், நாற்பது வயதுக்குட்பட்டவர் என்பதால் அதனுடன் 40 சதவீதம் சேர்ந்து 35,000 ஆகும். சார்ந்திருப்போர் நான்கு பேர் என்பதால் கால் பங்கைக் கழித்தால் 26,250. ஆண்டுக்கு 3,15,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக மொத்தம் 50,40,000 ரூபாய். அதே மனிதரின் வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பாயம் 15,000 ரூபாயை உத்தேச வருமானமாக எடுத்துக்கொண்டால், அதே வழியில் வரும் தொகை 30,24,000. வாழ்க்கைத்துணை இழப்பு, ஈமச்செலவு முதலிய இனங்கள் தனியே சேரும். அவை சிறு தொகைகள். சட்டப்படி எந்தத் தவறும் நடக்காமலேயே இருபது லட்சம் ரூபாய் காணாமல் போகிறது, ஒரு காகிதம் இல்லாததால்.

அந்தக் காகிதம் ஏன் இல்லாமல் போகிறது என்பதை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளைக் கேட்டால் புரிந்துகொள்ளலாம். சாட்சிக் கூண்டில் நிற்கும் மனைவி, கணவர் சனிக்கிழமைதோறும் கூலியை வாங்கிவந்து கையில் கொடுப்பார் என்று சொல்வார். அது உண்மை, சென்னையில் கட்டட வேலைக்குப் போகிறவர்களில் பலருக்குச் சனிக்கிழமைதான் சம்பள நாள். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்பது ஒரே கேள்வி. பதில், “என் கணவரின் மாத வருமானத்துக்கு ஆவணம் எதையும் நான் தாக்கல் செய்யவில்லை என்று சொன்னால் சரிதான்” என்று பதிவாகும். வழக்கின் பாதி அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். நான் எதிர்த்தரப்பின் கோப்புகளைப் பார்த்தவன். எங்கள் அலுவலகத்தில் முதலில் தேடுவதும் அந்த வரியைத்தான்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் இல்லை. மேஸ்திரியின் கணக்கு நோட்டில் பெயர் இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வீட்டில் எங்காவது இருக்கும். இப்போது கூலியின் ஒரு பகுதி கூகுள் பே வழியாகவும் வருகிறது. குழந்தைகளின் பள்ளிக் கட்டண ரசீதும், மாதச் சீட்டுக் கட்டிய அட்டையும், இருசக்கர வாகனக் கடனுக்குத் தவறாமல் கட்டிய தவணையும் ஒரு வருமானத்தைக் காட்டவே செய்கின்றன. விபத்து நடந்த மாதத்திலேயே திரட்டினால் இவையனைத்தும் கிடைக்கும். ஓராண்டு கழித்துத் தேடினால் மேஸ்திரி வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பார். இறந்தவரின் செல்பேசியை யாரோ மாற்றியிருப்பார்கள்.

இதை அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்வது? சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் விசாரணை அதிகாரி தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளை விளக்கும் இரண்டாம் எண் படிவத்தைப் பத்து நாட்களுக்குள் குடும்பத்தின் கையில் அவர் கொடுக்க வேண்டும் என்ற விதிதான். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில், இந்த விதிகளைக் கண்டிப்பாகச் செயல்படுத்த வேண்டும் என்றும், இதற்கெனக் காவல் நிலையங்களில் தனிப்பிரிவு அமைக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அப்படியொரு படிவத்தைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை.

இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய மோட்டார் வாகனச் சட்டமே ஆறு மாத வரம்பை விதித்திருக்கும்போது இந்த மெத்தனம் சாதாரணமானதல்ல. 1994-இல் நீக்கப்பட்ட கால வரம்பை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. அதை எதிர்த்த மனுக்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆறு மாதம் என்பது வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கும், பிரேதப் பரிசோதனை அறிக்கைக்காக மருத்துவமனைக்கும் நடப்பதிலேயே கரையக்கூடிய காலம். காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 166-ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரி தம் வேலையைச் செய்தாலே குடும்பம் காலக்கெடுவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

காவல்துறை சொல்லாததைப் பிணவறை வாசலில் நிற்கும் தரகர் சொல்லிவிடுகிறார். உடலை வாங்கிக்கொண்டு போவதற்குள் வெற்று வக்காலத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசுவதை வழக்கறிஞர்களுக்கான விதிகள் அனுமதிப்பதில்லை என்பதோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகிப் பெண்கள் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம் என்பதோ அந்த நேரத்தில் யார் காதில் விழும்? விழுப்புரத்திலிருந்து வேலைக்கு வந்து சென்னையில் இறந்தவரின் குடும்பம், தான் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். எல்.ஐ.சி. பணம் வந்தது என்பதற்காக இழப்பீட்டில் அதைக் கழிக்க முடியாது. முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து காசோலை வாங்கிவிட்டால் வழக்குப் போட முடியாது என்று நம்பிச் சும்மா இருந்துவிட்ட குடும்பங்களையும் நான் அறிவேன். அது அரசு தரும் உதவி; வழக்குத் தொடுக்கும் உரிமையை அது பறிப்பதில்லை.

இறந்தவர் குடும்பத் தலைவியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். “வருமானம் இல்லை” என்று குடும்பத்தாரே மனுவில் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். வீட்டு வேலைக்கு உத்தேச வருமானம் கணக்கிட வேண்டும் என்பதை 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது; அவர்களுக்கும் எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது.

சாலை விபத்துக்காவது இத்தனை ஏற்பாடுகள் உண்டு. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டால்கூட 2 லட்சம் ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடாத வடிகால் பள்ளத்தில் விழுந்தோ, அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்தோ இறந்தவரின் குடும்பத்துக்கு இப்படித் தனித் தீர்ப்பாயம் கிடையாது. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட வேண்டும். பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்தபோது உயர் நீதிமன்றம் உடனடியாக 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது, நகரமே கொதித்துப்போயிருந்த வேளையில். செய்தியாகாத மரணங்களுக்கு அந்த வேகம் வாய்ப்பதில்லை. இது தனியே எழுத வேண்டிய பொருள்.

என் கோரிக்கை சிறியது. புதிய சட்டமோ புதிய நிதியோ அதற்குத் தேவையில்லை. சென்னையின் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுகள் அனைத்தும் இரண்டாம் எண் படிவத்தைத் தெளிவான தமிழில் அச்சிட்டு, வருமானத்துக்கு எவையெவை ஆதாரமாகும் என்ற பட்டியலையும் சேர்த்து, குடும்பத்தாரிடம் தேதியிட்ட ஒப்புகைக் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு கொடுக்க வேண்டும். அந்த ஒப்புகையின் நகல் இல்லாமல் வரும் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயம் ஏற்கக் கூடாது. தங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். கடந்த ஓராண்டில் மாநகரில் பதிவான உயிரிழப்பு விபத்து வழக்குகளில் எத்தனை வழக்குகளில் இரண்டாம் எண் படிவம் கொடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.