மகனுக்கு: இந்த ஆண்டு படித்த நைஜீரிய நாவல்கள்

அன்புள்ள மகனுக்கு,

இந்த ஆண்டு படித்தவற்றில் எவை மனத்தில் நின்றன என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியிலேயே "சுருக்கமாகச் சொல்லும்மா" என்பாய் என்பதால் எழுதுகிறேன். ஆண்டின் பெரும்பகுதியை நைஜீரிய நாவல்களே எடுத்துக்கொண்டன. ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தேட வைத்தது அங்கே நடந்த அரசியலோ போரோ அல்ல. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் போடும் கணக்குகளை அந்த எழுத்தாளர்கள் ஈவிரக்கமின்றிப் பிரித்துப் பார்க்கும் விதம்தான்.

சினுவா அச்செபே என்றதும் எல்லோரும் 1958இல் வந்த அவருடைய முதல் நாவலைச் சொல்வார்கள். அது பெரிய நாவல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் 1964இல் வெளிவந்த 'ஆரோ ஆஃப் காட்' அதைவிட ஆழமானது என்பேன். தலைமைப் பூசாரியான எசேயுலு, வெள்ளையரின் பலம் எதில் இருக்கிறது என்று அறிந்துகொள்வதற்காகத் தன் மகன்களில் ஒருவனான ஒடூச்சேயை, அங்கே தனக்குக் கண்ணாக இருக்கட்டும் என்று தேவாலயத்துக்கு அனுப்புகிறார். அந்தப் பிள்ளையோ ஊரார் வணங்கும் மலைப்பாம்பைப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறான். பின்னர் அரசாங்கம் எசேயுலுவைக் காவலில் வைக்கிறது. மாதம் ஒன்றாக அவர் உண்டு முடிக்க வேண்டிய சடங்குக் கிழங்குகள் அதனால் மிஞ்சிவிடுகின்றன. அவை தீராமல் அறுவடையை அறிவிக்க முடியாது என்று அவர் பிடிவாதமாக நிற்க, ஊர் பட்டினியில் தவிக்கிறது. கிழங்கை எங்களிடம் கொண்டுவந்து படைத்துவிட்டு அறுவடை செய்யுங்கள் என்று தேவாலயம் அழைக்கிறது. ஒரு மதம் ஊருக்குள் நுழைவதை இவ்வளவு சாதாரணமான பசியின் வழியாகக் காட்டிய வேறு நாவலை நான் படித்ததில்லை.

இதைப் படித்த சூட்டோடு தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தா'ளை மீண்டும் எடுத்தேன். தன் தவறுக்குக் கழுவாயாக மகன் அப்புவை வேத பாடசாலையில் விட்ட அலங்காரத்தம்மாளும் எசேயுலுவும் எனக்கு உறவுக்காரர்களாகவே தோன்றினார்கள். இருவரும் தங்கள் தேவைக்காகப் பிள்ளையை ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள்.

சிகோஸி ஒபியோமாவின் 'தி ஃபிஷர்மென்' (2015) நாவலில் வரும் தந்தையும் அந்த வகைதான். ஒரு பிள்ளை விமானி, ஒருவன் வழக்கறிஞர், ஒருவன் மருத்துவர், ஒருவன் பேராசிரியர் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பவர். பணி மாற்றலாகி அவர் வேறு ஊருக்குப் போன இடைவெளியில் பையன்கள் ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறார்கள். அங்கே ஒரு மனநோயாளி சொல்லும் ஆரூடம் அந்தக் குடும்பத்தையே குலைக்கிறது. உருவகங்கள் சற்று மிகுதி. ஆயினும் அண்ணன் தம்பிகளுக்குள் பயம் வளர்வதை அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் அசலானவை. ஓயின்கான் பிரெய்த்வெய்ட்டின் 'மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்' ஒரே மூச்சில் படித்து முடிக்கத் தக்கது. ரயில் பயணத்துக்கு வைத்துக்கொள்.

சிமமந்தா எங்கோசி அடிச்சியின் 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' (2006) அப்படி வேகமாகப் படிக்கக்கூடியதல்ல. நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிந்ததால் 1967 முதல் 1970 வரை நடந்த போர் முடிந்த பிறகு, 1977இல் பிறந்தவர் அடிச்சி. அவருடைய தாத்தாக்கள் இருவருமே அந்தப் போர்க்காலத்தில் இறந்தவர்கள். நாவலில், நாட்டின் வடக்கில் கிழக்கைச் சேர்ந்த இக்போ இன மக்கள் கொல்லப்பட்டபோது தப்பி வரும் ரயிலில், ஒரு தாய் மூடிய சுரைக்குடுக்கையைத் திறந்து கதையின் முக்கியப் பாத்திரமான ஒலான்னாவிடம் காட்டுகிறாள். உள்ளே இருப்பது அவளுடைய சிறுமியின் தலை. அந்தத் தாய் சொல்வது, இந்தத் தலைமுடியைப் பின்னி முடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும்தான். அந்தப் பக்கத்துக்குப் பிறகு சில நாட்கள் நான் புத்தகத்தைத் தொடவில்லை. வேலைக்காரப் பையனாக வந்த உக்வு, போரில் ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமையில் தானும் பங்கேற்றவன். நாவலுக்குள் எழுதப்படும் வரலாற்றை எழுதுபவன் அவனே என்று முடிவில் தெரிகிறது. எழுதும் உரிமையைக் களங்கமற்ற ஒருவரிடம் கொடுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அடிச்சி அதைச் செய்யவில்லை.

ஆனால் முதலிடம் புச்சி எமச்செட்டா 1979இல் எழுதிய 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' நாவலுக்குத்தான். தலைப்பே ஒரு குத்தல்: பிள்ளைப்பேற்றின் இன்பத்தை அறியாத தெய்வத்தைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள் என்று ஃப்ளோரா நுவாப்பா 1966இல் தம் நாவலின் முடிவில் கேட்டதிலிருந்து பிறந்தது. முதல் குழந்தையை இழந்து, லாகோஸ் பாலத்திலிருந்து குதிக்க ஓடும் நு ஈகோவோடு கதை தொடங்குகிறது. பிறகு பிள்ளைகள் பிறக்கிறார்கள். விறகும் சில்லறைச் சாமான்களும் விற்று வளர்க்கிறாள். ஒரு மகன் அமெரிக்காவுக்கும் மற்றவன் கனடாவுக்கும் போகிறார்கள். அவள் தெருவோரத்தில் தனியே இறக்கிறாள். பிள்ளைகள் ஊரே வியக்க ஆடம்பரமாக இறுதிச் சடங்கு செய்து கோயிலும் எழுப்புகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வருவோருக்கு மட்டும் அவள் செவிசாய்ப்பதே இல்லை. உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை; எமச்செட்டா மகன்களைக் குற்றவாளிகளாக நிறுத்தவில்லை, நானும் நிறுத்தமாட்டேன். பிள்ளைகளே முதுமைக்குச் சேமிப்பு என்று அந்தத் தாய்க்குக் கற்றுக்கொடுத்த ஊரின் மீதுதான் அவருடைய கோபம் முழுவதும். ஐந்து குழந்தைகளோடு லண்டனில் தனித்து வாழ்ந்து, தம் வேறொரு நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவர் எரித்த பிறகும் அதைத் திரும்ப எழுதியவர் என்பதை அறிந்தபோது, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது.

நீ அச்செபேயில் தொடங்கு; எமச்செட்டாவுக்கு அவசரமில்லை. அடுத்த ஆண்டுக்கு 1952இல் வெளிவந்த அமோஸ் டுட்டுவோலாவின் கள் குடியன் கதையை எடுத்து வைத்திருக்கிறேன். நீ முந்திப் படித்துவிட்டால் முடிவை மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா